மருந்துக்கு மசியாத மலேரியாவும் கூட்டு மூலிகைச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இரண்டு மூலிகைகளைக் கலந்து கொடுத்ததில் மலேரியா கிருமி செத்தது" என்று அவ்வப்போது செய்தி வருகிறது. சிலர் அதைப் படித்ததும் கஷாயச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறார்கள். சிலர் மூலிகை என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

காய்ச்சலும் குளிருமாக இருக்கிறது. முதலில் கஷாயம் குடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியாவாக இருந்தால் ஓரிரு நாள் தாமதம்கூட மூளை, சிறுநீரகம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். நம் நாட்டில் வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும் பதினான்கு நாள் பிரைமாகுயினும் கொடுக்கிறார்கள். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மாத்திரை. சரியான நேரத்தில் சாப்பிட்டால் குணமாகிற நோய் இது. இனி வருவதெல்லாம் ஆராய்ச்சி பற்றிய பேச்சு, வைத்தியக் குறிப்பு அல்ல.

மருந்துக்குக் கட்டுப்படாத மலேரியா என்றால் எந்த மருந்துக்கு?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும்; பெரும்பாலும் கேட்பதில்லை. குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் 1950களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் தென் அமெரிக்காவிலும் தலைகாட்டியது. இந்தியாவில் 1973இல் அசாமில் கண்டார்கள். அதற்கு மாற்றாக வந்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ஜோடியும் வெகுசீக்கிரம் தோற்றது. ஆர்ட்டிமிசினின் கொடுத்தும் ரத்தத்திலிருந்து மெதுவாகவே மறையும் கிருமிகளை 2008, 2009 வாக்கில் மேற்குக் கம்போடியாவில் உறுதிசெய்தார்கள். கெல்ச்-13 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்கு அடையாளம் என்று 2014இல் தெரிந்தது. இப்போது அதே மரபணுவின் வேறு மாற்றங்கள் ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா, தான்சானியாவில் பரவுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் மலேரியாவால் இறந்த சுமார் 5,97,000 பேரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அதனால்தான் இந்தக் கவலை.

ஆக, ஒரு செடி "மருந்துக்கு அடங்காத கிருமியை" கொன்றது என்றால், அது அறுபது வருடத்துக்கும் மேல் பழைய குளோரோகுயின் பிரச்சினையா, இன்றைய ஆர்ட்டிமிசினின் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

மலேரியாவின் பெரிய மருந்துகளே செடியிலிருந்து வந்தவைதானே?

ஆமாம், இரண்டு பெரிய மருந்துகள் அப்படித்தான். சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820இல் பாரிஸில் பிரித்தார்கள். அந்த மரத்தை 1860களில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார்கள்; நடுவட்டத்தில் அரசு குயினைன் ஆலையே இருந்தது.

அடுத்தது ஆர்ட்டிமிசினின். வியட்நாம் போர்க்காலத்தில் சீன அரசு 1967இல் தொடங்கிய ரகசியத் திட்டத்தில் து யூயூ தலைமையிலான குழு பழைய வைத்தியக் குறிப்புகளைச் சலித்தது. நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹொங், ஆர்ட்டிமிசியா என்ற செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார்; கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த து யூயூ, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் பிரித்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி எலி மலேரியாவை முழுசாக அடக்கியது. 2015இல் நோபல் பரிசு.

கலவை விஷயத்தில் இந்தக் கதைகளில் நமக்கு வேண்டியது வேறொன்று. சின்கோனாப் பட்டையில் குயினைன் தவிர குயினிடின், சின்கோனைன், சின்கோனிடின் என்று இன்னும் மூன்று ஆல்கலாய்டுகள் (செடியில் இயற்கையாக உருவாகும் ஒருவகை வேதிப்பொருள்கள்) உண்டு. சென்னை மாகாணத்தில் 1866-68இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நான்குமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. 1930களில், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் மலேரியா குழு, ஏழை நாடுகளுக்காக இவற்றின் கலவையை 'டோட்டாகுயின்' என்ற பெயரில் ஆதரித்தது. கலவை மருந்து என்பது இப்போது முளைத்த யோசனை அல்ல.

வேலை செய்கிற ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் போதாதா? எதற்குக் கலவை?

பல நேரம் போதும். கலவைக்கு ஆதரவான வாதம் எல்லாச் செடிக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்துகிற இடங்களில் காரணம் சுவாரசியமானது.

மடகாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அங்கே மேட்டுநிலப் பகுதியில் மலேரியா மீண்டும் வெடித்தது. மாத்திரைத் தட்டுப்பாடு. மக்கள் கிடைத்த கொஞ்சம் குளோரோகுயினோடு உள்ளூர்ச் செடிகளின் கஷாயத்தையும் சேர்த்துக் குடித்தார்கள். ஃபிலிப் ரசோவனைவோ என்ற மலகாசி வேதியியலாளர் அந்தச் செடிகளை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று ஸ்ட்ரிக்னோஸ் இனத்தைச் சேர்ந்தது. நம்மூர் எட்டிக்கும் தேத்தாங்கொட்டைக்கும் பங்காளி. அதிலிருந்து கிடைத்த மலகாஷனைன் என்ற பொருள் தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் குளோரோகுயினுக்கு அடங்காத கிருமியின் மேல் குளோரோகுயினோடு சேர்த்துப் போட்டால் மருந்து மறுபடி வேலை செய்தது. எதிர்ப்புப் பெற்ற கிருமி, தன் செரிமானப் பையிலிருந்து குளோரோகுயினை வெளியே தள்ளிவிடும். அந்த வெளியேற்றத்தை இது போன்ற துணைப்பொருள்கள் தடுக்கலாம். தனிப்பொருளை மட்டும் தேடும் சோதனையில் இந்தச் செடி முதல் சுற்றிலேயே "பயனற்றது" என்று குப்பைக்குப் போயிருக்கும்.

இன்னொரு வழி, உடம்பில் மருந்து தங்கும் நேரத்தைக் கூட்டுவது. மஞ்சளின் குர்குமின் குடலில் சரியாக ஏறாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மனித ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடியதை பெங்களூரில் 1998இல் காட்டினார்கள். மூன்றாவது, எதிர்ப்பைத் தாமதப்படுத்துவது. ஆர்ட்டிமிசியா செடியின் காய்ந்த இலையை அப்படியே கொடுத்த எலிகளில், தனி ஆர்ட்டிமிசினினைவிடக் குறைந்தது மூன்று மடங்கு நேரம் கழித்தே எதிர்ப்பு உருவானது என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எலியில், அதுவும் எலி மலேரியாவில். அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

எல்லா ஜோடியும் இப்படிக் காப்பாற்றிவிடாது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினும் ஜோடிதான். இரண்டும் கிருமியின் ஃபோலேட் தயாரிப்பு என்ற ஒரே பாதையில் அடிப்பவை; கிருமி சில மரபணு மாற்றங்களில் இரண்டையும் தாண்டிவிட்டது.

செடிகளைக் கலந்து குடிக்கும் வழக்கம் உண்மையில் எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்காவில் பரவலாக. கென்யாவின் மேரு மக்கள் மலேரியாவுக்குப் பல செடிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதைப் பார்த்து, அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான கெம்ரியின் ஆய்வாளர்கள் அவற்றைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். புர்கினா ஃபாசோவில் 'சாயே' என்ற கூட்டு மருந்தில் மூன்று செடிகள்: உள்ளூர் கொக்ளோஸ்பெர்மம் கிழங்கு, அப்புறம் நமக்கு நன்றாகத் தெரிந்த கீழாநெல்லியும் சீமை அகத்தியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குக் கொடுக்கும் மிளகரணை நம் சித்த மருந்துகளிலும் இருக்கிறது. அதன் வேரில் உள்ள நிட்டிடின் என்ற ஆல்கலாய்டு கிருமியைத் தாக்குவதை 1995இல் காட்டினார்கள்.

லேபில் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் செடி சரியான செடியா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரியை உலர்த்தி, ஒட்டி, எண் போட்டு, உலர்ந்த செடிகளைச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் வைப்பார்கள். இதைச் செய்யாத ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. மீதியை நிழலில் உலர்த்தி, அரைத்து, தண்ணீரிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி வற்றவைக்கிறார்கள். மெத்தனாலில் இறங்குவதெல்லாம் கஷாயத்தில் இறங்காது. மக்கள் கஷாயமாகக் குடிக்கும் செடியை மெத்தனாலில் மட்டும் சோதித்துவிட்டு "பாரம்பரியப் பயன்பாடு உறுதியானது" என்று எழுதுவது பொருந்தாது. தண்ணீர்ச் சாறும் கூடவே சோதிக்கப்பட வேண்டும்.

அடுத்து கிருமி வளர்ப்பு. 1976 வரை ஃபால்சிபாரத்தை உடம்புக்கு வெளியே தொடர்ந்து வளர்க்க யாராலும் முடியவில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டிராகரும் ஜென்சனும் வழி கண்டுபிடித்தார்கள். கிருமிக்கு ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும். அதற்கு அவர்கள் செய்தது: கண்ணாடி ஜாடிக்குள் மனித சிவப்பணுக்கள் கொண்ட தட்டுகளை வைத்து, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடர் அணையப்போகும் நேரத்தில் ஜாடியை இறுக மூடி, 37 டிகிரியில் வைத்துவிட்டார்கள். வாயு சிலிண்டர் வாங்க முடியாத லேப்கள் இந்த முறையில் வேலை பார்த்திருக்கின்றன.

பிறகு 96 குழிகள் கொண்ட தட்டில் சாறைப் பாதி பாதியாக நீர்க்கவைத்து ஊற்றி, நோயுற்ற சிவப்பணுக்களைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் விடுவார்கள். கிருமி எவ்வளவு பெருகியது என்பதை ஜிம்சா சாயம் போட்டு நுண்ணோக்கியில் எண்ணலாம், டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயத்தைக் கருவியில் அளக்கலாம். இங்கேதான் மூலிகைச் சாறு ஆளை ஏமாற்றும். இலைச்சாறு கரும்பச்சையாக இருந்தால் ஒளிர்வை அதுவே விழுங்கிவிடும். கிருமி செத்தது போல எண் வரும். சோப்பு போல நுரைக்கும் சப்போனின் அதிகமுள்ள செடி சிவப்பணுவையே உடைத்துவிடும். வீடு இடிந்தால் குடியிருந்தவன் சாவது மருந்தின் திறமையா? கண்ணால் சிலைடைப் பார்த்தவருக்கு இது தெரிந்துவிடும். கருவி தரும் எண்ணை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது.

கலவை தனிச்செடியைவிட மேல் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாதிக் கிருமியை நிறுத்தத் தேவையான அளவை ஐசி-50 என்கிறார்கள். குறைவாக இருந்தால் நல்லது. பொருள்களைத் தனியாகப் பிரிக்காத முழுச் சாறுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் ஆளைத் திரும்பிப் பார்க்கவைக்கும். 50ஐத் தாண்டினால் பெரிதாக ஒன்றுமில்லை. இடையில் எங்கே கோடு போடுவது என்பது ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும்.

'அ' செடிக்குத் தனியாக 10, 'ஆ' செடிக்குத் தனியாக 20 என்று வைத்துக்கொள்வோம். கலந்தபோது, 'அ' 5, 'ஆ' 10 சேர்ந்து பாதிக் கிருமியை நிறுத்தினால்: 5/10 + 10/20 = 1. இது வெறும் கூட்டல். சேர்த்ததால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 'அ' 2, 'ஆ' 4 போதுமென்றால்: 2/10 + 4/20 = 0.4. இதுதான் ஒன்றை ஒன்று தூக்கிவிடுவது. 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டு வலிமை என்று பலரும் ஏற்கிறார்கள். ஒன்றுக்கு மேல் நன்றாக ஏறினால் ஒன்றை ஒன்று கெடுக்கிறது என்று பொருள். அப்படிக் கெடுத்துக்கொள்ளும் ஜோடிகளும் உண்டு.

விகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்: 4:1, 3:2, 2:3, 1:4 என்று. ஒரே ஒரு விகிதத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வது பத்தாது. ஆனால் அப்படி நிறையக் கட்டுரைகள் வருகின்றன.

கூடவே, கிருமி அல்லாத செல்களைச் சாறு எவ்வளவு கெடுக்கிறது என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலும் வீரோ என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்களில். கிருமியைக் கொல்லும் அளவைவிடப் பத்து மடங்காவது கொடுத்தால்தான் செல் சாகிறது என்றால் நம்பிக்கை வைக்கலாம். கலவை கிருமி மேல் இரண்டு மடங்கு கூர்மையாகி, செல்லின் மேலும் இரண்டு மடங்கு கூர்மையானால் கிடைத்த லாபம் சுழியம்.

"மருந்துக்கு அடங்காத ரகத்தைக் கொன்றது" என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

எந்த ரகம் என்று பாருங்கள். லேப்களில் சுற்றும் டபிள்யூ-2, கே-1 போன்றவை இந்தோசீனா, தாய்லாந்து வழிவந்த பழைய குளோரோகுயின் எதிர்ப்பு ரகங்கள். டி-6, 3டி-7 ஆகியவை குளோரோகுயினுக்கு அடங்குபவை. இரண்டு வகையிலும் சாறு ஒரே அளவில் வேலை செய்தால், குளோரோகுயின் எதிர்ப்பு அதைப் பாதிக்கவில்லை என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

ஆர்ட்டிமிசினின் எதிர்ப்பு அந்த வழக்கமான சோதனையில் தெரியவே தெரியாது. அந்தக் கிருமி, சிவப்பணுவுக்குள் புதிதாக நுழைந்து வளையம் போலத் தெரியும் இளம் பருவத்தில் வளர்ச்சியை நிறுத்திப் பதுங்கிக்கொண்டு, மருந்து போனபின் எழுந்து வருகிறது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் கிருமிகளை ஆறு மணி நேரம் மட்டும் மருந்தில் வைத்து, கழுவி, மூன்றாம் நாள் எத்தனை பிழைத்தன என்று எண்ண வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் பிழைத்தால் எதிர்ப்பு. மூலிகைக் கலவை ஆய்வுகளில் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் குறைவு. இனி வரும் ஆய்வுகளில் இதுதான் முதலில் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எலியில் குணமானால் மனிதருக்கும் குணமாகுமா?

எலிக்குக் கொடுப்பது ஃபால்சிபாரம் அல்ல. காங்கோவில் காட்டெலியிலிருந்து 1948இல் பிரித்த பெர்காய் என்ற வேறு இனம். வழக்கமான முறையில் ஒரு கோடி நோயுற்ற சிவப்பணுக்களை ஊசியில் ஏற்றி, அன்றிலிருந்து நான்கு நாள் மருந்து கொடுத்து, ஐந்தாம் நாள் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நோய் முற்றுவதற்கு முன்பே மருந்து ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி அப்படி வருவதில்லை. நோய் வந்தபின் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

அளவையும் கவனியுங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் என்பது உடல் பரப்புக் கணக்கில் 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. செடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தால், தினமும் 20 கிராம் காய்ந்த செடி. முடியாத அளவு அல்ல, ஆனால் ஒரு சிட்டிகை பொடியும் அல்ல.

நம்மூர் நிலவேம்புக் குடிநீர் மலேரியாவுக்கு வேலை செய்யுமா?

அந்தக் குடிநீரில் ஒன்பது சரக்கு. அவற்றில் நிலவேம்பையும், பர்ப்பாடகம் என்று வழங்கும் செடிகளில் ஒன்றையும் புவனேசுவரத்தில் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஐசி-50 முறையே 7, 11 மைக்ரோகிராம் அளவில் வந்தது, மோசமில்லை. இரண்டையும் கலந்தால் வெறும் கூட்டல்தான். ஆனால் ஒவ்வொன்றையும் குர்குமினோடு சேர்த்தபோது கூட்டு வலிமை தெரிந்தது. எலியிலும் கலவைகள் தனிச்சாறைவிட மேலாக இருந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. பத்மநாபன் குழு 2006இல் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது: ஆர்ட்டிமிசினினிலிருந்து செய்த ஆர்ட்டீதர் ஊசி ஒன்றே ஒன்றோடு மூன்று வேளை குர்குமின் கொடுத்த எலிகளில் நோய் திரும்பவில்லை, ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன.

இதெல்லாம் மெத்தனால் சாறு, எலி, குர்குமின் பற்றியது. முகாமில் டம்ளரில் ஊற்றித் தரும் குடிநீர் மலேரியாவைக் குணமாக்கும் என்பதற்கு இது சான்று அல்ல.

மனிதர்களிடம் சோதித்த கூட்டு மருந்து ஏதாவது உண்டா?

உண்டு, நம் நாட்டிலேயே. ஆயுஷ்-64 என்ற ஆயுர்வேதக் கூட்டு மருந்து மலேரியாவுக்காக உருவாக்கப்பட்டது: ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, கழற்சிக்காய், இமயமலைச் சிராய்த்தா. மலேரியா ஆராய்ச்சி மையம் அதை வைவாக்ஸ் நோயாளிகளிடம் குளோரோகுயினோடு ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டது. 28ஆம் நாளில் குளோரோகுயின் எடுத்தவர்களில் 100 சதவீதம் குணம். ஆயுஷ்-64 எடுத்தவர்களில் 48.9 சதவீதம். தோல்விதான். ஆனால் நேராகச் சோதித்து, வந்த எண்ணை ஒளிக்காமல் வெளியிட்ட அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாலி நாட்டுக் கதை வேறு திசை. அங்கே லேபிலிருந்து தொடங்காமல் நோயாளியிடமிருந்து தொடங்கினார்கள். எந்தெந்த வீட்டில் என்ன செடி கொடுத்தீர்கள், எப்படி ஆனது என்று கேட்டுக் கேட்டு, நல்ல பலன் தந்த ஒரு செடியைத் தேர்ந்தார்கள். அது என்ன தெரியுமா? பிரம்மதண்டு. நம் ஊர்ச் சாலையோரத்தில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்குமே, அதேதான். மூன்று அளவுகளில் கஷாயம் கொடுத்ததில் முறையே 35, 73, 65 சதவீதம் பேருக்குப் போதிய பலன். அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்ற கணக்கு மூன்றாவது படியில் பொய்த்துவிட்டது. பிறகு 301 பேரிடம் கூட்டு மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இரண்டாம் கட்ட மருந்து தேவைப்படாதவர்கள் பிரம்மதண்டில் 89 சதவீதம், மாத்திரையில் 95 சதவீதம். கிருமி ரத்தத்திலிருந்து முழுசாக ஒழியவில்லை. ஆனால் நோய் தீவிரமாகாமல் நின்றது. பலமுறை மலேரியா வந்து மக்கள் உடம்பில் ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தி வளர்ந்த ஊர் அது. சென்னையில் வளர்ந்தவருக்கு அதே முடிவு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிரம்மதண்டு விஷம் இல்லையா?

விதை எண்ணெய் விஷம்தான். கடுகு போலவே இருக்கும் விதை. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இது கலந்து 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாலியில் கொடுத்தது தண்டும் இலையும் கொதித்த கஷாயம், மருத்துவர் மேற்பார்வையில். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம்.

ஆர்ட்டிமிசியா டீ குடித்தால்?

காங்கோவில் செய்து 2004இல் வெளியான ஒப்பீட்டில் ஏழாம் நாள் டீ குடித்தவர்களில் சராசரி 74 சதவீதம், குயினைன் எடுத்தவர்களில் 91 சதவீதம் தேறினார்கள். அப்புறம் டீ குடித்த பலருக்கு நோய் திரும்பியது. இந்தச் செடியை எந்த வடிவத்திலும் மலேரியாவுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒவ்வொரு செடியிலும் மருந்தின் அளவு மாறும், குறைந்த அளவு எதிர்ப்பை வளர்க்கும் என்பது காரணம். இலையில் மற்றப் பொருள்களும் சேர்ந்து உதவுகின்றன என்று சொல்லும் ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் வாதத்தில் சாரம் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நோயாளியின் வீட்டு அடுப்பில் அல்ல.

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு கஷாயமும் எடுக்கலாமா?

டாக்டரிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். மருந்தை உடம்பில் அதிக நேரம் தங்கவைக்கும் பொருள் நஞ்சையும் தங்கவைக்கும். சீக்கிரம் வெளியேற்றும் பொருள் மாத்திரையை வீணாக்கும்.

எங்கள் மலையில் காய்ச்சலுக்குப் பல செடி சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆய்வாளர் கேட்டால் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் முதலில் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுவிட்டு. 2002ஆம் வருட பல்லுயிர்ச் சட்டப்படி இத்தகைய அறிவிலிருந்து வரும் லாபத்தில் அந்தச் சமூகத்துக்குப் பங்கு உண்டு. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே கேரளத்தில் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து வந்து, அதன் வருமானத்தில் ஒரு பங்கு அவர்களின் அறக்கட்டளைக்குப் போனது. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த மாதத்தில் பறித்தது, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு வற்றவைத்தது, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கடைசி விவரத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.